ஏழாவது விதியை நீக்குங்கள்: எங்கள் அடுக்ககச் சங்க நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாகக் குழுவினருக்கு,

சென்ற மாதக் கடைசியில் லிஃப்டுக்குள் ஒட்டப்பட்ட ‘வாடகைதாரர்களுக்கான நடைமுறைகள்’ என்னும் சுற்றறிக்கையை எங்கள் வீட்டில் முதலில் படித்தவர் என் தாயார். அவருக்கு வயது 78. சக்கர நாற்காலியில் இருப்பவர். ஒன்பது விதிகளையும் மூன்று மாடி இறங்குவதற்குள் யாராலும் படித்துவிட முடியாது; ஆனால் ஏழாவது விதி, நாற்காலியில் அமர்ந்திருப்பவரின் கண்ணுக்கு நேராக இருந்தது. வாடகைக்குக் குடியிருப்போர் வீட்டில் இறப்பு நேர்ந்தால், உடலைக் கீழே கார் நிறுத்துமிடத்தில் வைப்பதற்கு வீட்டு உரிமையாளரின் எழுத்துப்பூர்வமான ஒப்புதலும் சங்கச் செயலரின் அனுமதியும் முன்கூட்டியே பெறப்பட வேண்டும் என்பது அந்த விதி. தரைத்தளம் வந்து கதவு திறந்த பிறகு அவர் கேட்டார்: “அப்ப என்னை எங்கம்மா கெடத்துவே?”

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லாததால் இம்மடலை எழுதுகிறேன். செயலருக்கு இருமுறை எழுதினேன், பதில் வரவில்லை. பொதுக்குழுவில் எழுந்து பேசலாமென்றால், வாடகைதாரர் பார்வையாளராகக்கூட அமர இயலாது என்று முதல் விதியே சொல்லிவிடுகிறது. ஆகவே எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். சங்கத்தின் பெயரையும் தெருவின் பெயரையும் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன், ஏனெனில் உங்களைத் தலைகுனிய வைப்பது என் நோக்கமன்று. ‘முன்கூட்டியே’ என்றால் இறப்புக்கு எத்தனை நாள் முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும் என்பதை மட்டும் அந்த ஏழாவது விதி தெளிவாக்கவில்லை.

நான் இந்தக் கட்டடத்துக்கு 2016 ஜூன் மாதம் குடிவந்தேன். 48 வீடுகளில் 19 வீடுகள் வாடகைக்கு விடப்பட்டிருக்கின்றன. சொந்த வீட்டில் இங்கே குடியிருக்கும் 29 குடும்பங்களில், என்னைவிட அதிக காலம் இங்கே வாழ்ந்தவை 11 மட்டுமே. நிர்வாகக் குழுவில் உள்ள ஐவரில் மூவர் எனக்குப் பின் வந்தவர்கள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சுற்றறிக்கையின் முன்னுரையில், ‘இன்று வந்து நாளை போகிறவர்களுக்குக் கட்டடத்தின் மேல் ஒட்டுதல் இருக்காது என்பதால்’ இந்த விதிகள் தேவைப்படுவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியை மறுப்பதற்கு எனக்கு ஒன்பது ஆண்டுக் கணக்கு இருக்கிறது.

2019 கோடையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்த ஆண்டு அது. நம் நிலத்தடித் தொட்டியான சம்புக்கு லாரித் தண்ணீர் வாங்கிய 83 நாட்களுக்கும், எந்த லாரி எத்தனை மணிக்கு வந்தது, எவ்வளவு இறக்கியது, எந்த வீடு பங்குத் தொகை கொடுத்தது என்று ஒரு நீல அட்டை நோட்டில் எழுதிவைத்தவள் நான். கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவள் என்பதால் அன்றைய செயலர் என்னிடம் கேட்டார். இரவு 2 மணிக்கு லாரி வரும்போது, குழாயைச் சம்புக்குள் விடும்வரை டார்ச் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த நோட்டு இன்னும் சங்க அலமாரியில்தான் இருக்கும், எடுத்துப் பாருங்கள். அப்போது யாரும் எனக்கு ஒட்டுதல் இல்லை என்று சொல்லவில்லை.

2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயல் மழையில் கார் நிறுத்துமிடத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்று, லிஃப்டும் மின்சாரமும் நான்கு நாள் இல்லாதிருந்தபோது, நான்காம் தளத்தில் மூச்சுத் திணறலோடு இருந்த முதியவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்த்தி, படிக்கட்டில் ஒவ்வொரு படியாக இறக்கி, தண்ணீரில் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துத் தெருமுனையில் நின்ற படகுவரை கொண்டுசேர்த்தவர்கள், இரண்டாம் தளத்தில் வாடகைக்கு இருந்த மூன்று இளைஞர்கள். அந்த முதியவர் உங்கள் குழுவில் இருக்கும் ஒருவரின் தந்தை. திருமணமாகாதவர்களுக்கு இனி வீடு வாடகைக்கு விடக்கூடாது என்பது உங்கள் எட்டாவது விதி.

இனி, என் சொந்த நிலையைச் சொல்ல வேண்டும். வாடகையும் மன நிம்மதியும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பது, சொந்த வீட்டில் வெகுகாலம் இருந்துவிட்டவர்களுக்கு மறந்துபோகக்கூடிய செய்தி.

என் தந்தை அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருந்தார். மன்னார்குடிப் பக்கத்து ஊரை விட்டுச் சென்னைக்கு வந்தது முதல் இன்றுவரை நாங்கள் எட்டு வீடுகள் மாறியிருக்கிறோம். இரண்டு வீடுகளை, உரிமையாளரின் மகளுக்குத் திருமணம் என்பதற்காகக் காலி செய்தோம். ஒன்றை இடித்துக் கட்டுவதற்காக. ஒன்றை, அப்பா அந்த வீட்டில் இறந்ததற்காக. கடைசியாகச் சொன்னதற்கு யாரும் காரணம் சொல்லவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த வாரத்தில், வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டியிருக்கிறது என்று வீட்டுக்காரர் வந்து நின்றார், எங்களுக்குப் புரிந்தது. அந்த வீட்டிலும் இந்த வீட்டிலும் சுவரில் ஆணி அடிக்கக்கூடாது என்பது ஒப்பந்தத்தில் உள்ள வாசகம். அதனால் அப்பாவின் படம் இன்றுவரை சுவர் ஏறியதில்லை. பீரோவின் மேல், சுவரில் சாய்த்து நிற்கவைத்திருக்கிறோம். பீரோவை வேகமாகச் சாத்தினால் படம் சரியும் என்பதால், எங்கள் வீட்டில் யாரும் பீரோக் கதவை வேகமாகச் சாத்துவதில்லை. வேலைக்கு வரும் பெண்ணுக்குக்கூட இது பழகிவிட்டது.

பதினொரு மாத ஒப்பந்தம் என்பது வெறும் சட்டச் சிக்கனம் என்றுதான் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றும். ஓராண்டைத் தாண்டிய குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்பதால் பிறந்த பழக்கம் அது. அதற்குள் வாழ்பவர்களுக்கு அது வேறு விதமாகத் தெரியும். ஒன்பதாம் மாதம் பிறந்ததும் வயிற்றைப் பிசையத் தொடங்கும். உரிமையாளரின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தால், பண்டிகை வாழ்த்துச் சொல்லத்தான் அழைக்கிறார் என்று தெரிவதற்குள் பத்துக் கேள்விகள் ஓடிவிடும்: அம்மாவின் மருத்துவமனைக்கு அருகில் வேறு வீடு கிடைக்குமா, லிஃப்ட் இருக்குமா, சக்கர நாற்காலி நுழையும் கழிவறை இருக்குமா, ‘வயதானவர் இருக்கிறாரா’ என்று கேட்டுவிட்டுத் தரகர் மறுபடி அழைக்காமல் போவாரா? இத்தனைக்கும் என் வீட்டு உரிமையாளர் நல்லவர், மஸ்கட்டில் இருக்கிறார், 14,500 ரூபாயில் தொடங்கிய வாடகையை ஆண்டுக்கு ஐந்து விழுக்காடு மட்டுமே உயர்த்தி 22,500 ரூபாய்க்குக் கொண்டுவந்திருக்கிறார். நல்லவரிடம் குடியிருக்கும்போதே இந்தப் பாடு.

இது என் மனப்பிரமை இல்லை என்பதற்கு ஓர் ஆதாரம் அகப்பட்டது. பிரிட்டனில் 2023இல் வெளிவந்த ஓர் ஆய்வில், குடும்பங்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடரும் ஒரு பெரிய கணக்கெடுப்பில் இடம்பெற்றவர்களின் ரத்த மாதிரிகளிலிருந்து உடலின் உயிரியல் வயதைக் கணித்திருக்கிறார்கள். கடனில்லாத சொந்த வீட்டில் இருப்பவர்களைவிடத் தனியாரிடம் வாடகைக்கு இருப்பவர்களின் உடல் வேகமாக முதுமையடைவதோடு தொடர்பு காணப்பட்டது. வேலை இல்லாதிருப்பதோடு காணப்பட்ட தொடர்பைவிட அது பெரிது. என்னை நிறுத்திப் படிக்கவைத்தது அடுத்த வரி. அரசு அல்லது பொது அமைப்புகள் கட்டி, குறைந்த வாடகைக்கும் நிலையான குடியிருப்புரிமையோடும் விடும் வீடுகளில் இருப்பவர்களிடம், சொந்த வீட்டுக்காரர்களோடு ஒப்பிட அப்படிப்பட்ட வேறுபாடு தென்படவில்லை. அவர்களும் மாதம் பிறந்தால் வாடகைதான் கட்டுகிறார்கள். ஆனால் அடுத்த ஆண்டும் அதே கூரையின் கீழ் இருப்போம் என்பது அவர்களுக்குத் தெரியும். ஜெர்மனியில் மக்களில் பாதிப்பேருக்குக் குறையாமல் வாடகை வீடுகளில் வாழ்கிறார்கள். அங்கே பெரும்பாலான ஒப்பந்தங்களுக்கு முடிவுத் தேதி கிடையாது, தக்க காரணமின்றி வீட்டைக் காலி செய்யச் சொல்லவும் முடியாது. அங்கே வேலை பார்க்கும் என் அக்கா மகன், வாடகை வீட்டில் சமையலறையையே தன் செலவில் பொருத்திக்கொண்டான். எங்கள் அம்மாவுக்கு அது இன்னும் நம்ப முடியாத செய்தி.

‘அப்படியானால் ஒரு வீட்டை வாங்கிவிட வேண்டியதுதானே’ என்று உங்களில் ஒருவர் லிஃப்டில் என்னிடம் சொன்னார். கணக்குப் பார்த்திருக்கிறேன். இதே கட்டடத்தில் சென்ற ஆண்டு கைமாறிய, என்னுடையதைப் போன்ற வீட்டின் விலை 85 லட்சம். கையில் 17 லட்சமும், முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு என்று மேலும் ஏழரை லட்சத்துக்கு மேலும் இருந்தால்தான் வாசற்படியில் கால் வைக்க முடியும். மீதி 68 லட்சத்துக்கு எட்டரை விழுக்காட்டு வட்டியில் 20 ஆண்டுக் கடன் என்றால் மாதத் தவணை சுமார் 59,000 ரூபாய். என் சம்பளம் 46,000. எனக்கு வயது 52; தவணை முடியும்போது 72 ஆகியிருக்கும். ‘வீட்டைக் கட்டிப்பார்’ என்று சொன்னவர்கள் வங்கிக் கடனுக்கு வயது வரம்பு இருப்பதைக் கண்டதில்லை. என் வாடகையோ, அந்த வீட்டின் விலையில் ஆண்டுக்கு மூன்று விழுக்காட்டுக்குச் சற்று மேல். என்னைப் போன்றவர்கள் வாடகையில் இருப்பது ஊதாரித்தனத்தாலும் இல்லை, ஒட்டுதல் இல்லாததாலும் இல்லை. நகரம் அப்படி அமைந்துவிட்டது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நாட்டின் நகர்ப்புறக் குடும்பங்களில் 27 விழுக்காட்டுக்கு மேற்பட்டவை வாடகை வீடுகளில் இருந்தன.

சொந்த வீடு தானாகவே நிம்மதியைத் தந்துவிடுவதில்லை என்பதையும் இதே கட்டடத்தில் பார்த்திருக்கிறேன். என் எதிர்வீட்டில் இருந்த தம்பதியர், ஒருவருக்கு வேலை போன பின் 14 மாதம் தவணையோடு போராடி, கடைசியில் வீட்டை விற்றுவிட்டு இன்று மேடவாக்கத்தில் வாடகைக்கு இருக்கிறார்கள். இப்போதுதான் இரவில் தூங்குவதாக அந்தப் பெண் சொன்னார். ஆகவே, சொந்த வீட்டுக்காரர் சுகவாசி, வாடகைக்காரர் பாவம் என்று நான் வழக்காட வரவில்லை. வாடகை வீட்டில் குறைகிற நிம்மதியில் ஒரு பங்கு மட்டுமே விலையாலும் கடனாலும் வருகிறது. அதில் நீங்களும் நானும் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. மற்றொரு பங்கு, கூடக் குடியிருப்பவர்கள் நடத்தும் விதத்தால் வருகிறது. அது முழுக்க உங்கள் கையில் இருக்கிறது.

அதற்குச் சான்று 2022 மே மாதம் நடந்தது. கட்டடத்துக்கு வண்ணம் பூசுவதற்கான சிறப்பு நிதியில் என் வீட்டு உரிமையாளர் தர வேண்டிய 40,000 ரூபாய் தாமதமானது. மாதப் பராமரிப்புக் கட்டணத்தை நான் ஒருமுறைகூடத் தவறவிட்டதில்லை. சிறப்பு நிதி என் பொறுப்பும் அன்று. ஆயினும் மாடித் தொட்டியிலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் குழாயின் வால்வு இரண்டு நாள் மூடப்பட்டது. கீழ்வீட்டிலிருந்து வாளியில் தண்ணீர் எடுத்துவந்து அம்மாவைக் குளிப்பாட்டினேன். அன்று நடந்ததை ஒரு தனி நிர்வாகியின் கோபம் என்று எடுத்துக்கொண்டேன். இன்று அதையே ஐந்தாம் விதியாக அச்சடித்திருக்கிறீர்கள்: உரிமையாளரின் நிலுவைக்காகக் குடியிருப்பவரின் தண்ணீரும் லிஃப்ட் வசதியும் நிறுத்தப்படுமாம்.

2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள, வீட்டு உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டத்தைப் படித்துப் பாருங்கள். தண்ணீர், மின்சாரம் போன்ற இன்றியமையாத சேவைகளை உரிமையாளர் தாமாகவோ பிறர் மூலமாகவோ நிறுத்தக்கூடாது என்று அது சொல்கிறது. எங்கள் பதினொரு மாத ஒப்பந்தமும் அச்சட்டப்படி வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யப்பட்டு எண் பெற்றது. அதற்கும் முந்தைய 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டம், குத்தகை என்பதைச் சொத்தை அனுபவிக்கும் உரிமையை மாற்றிக் கொடுப்பது என்றே வரையறுக்கிறது. மனையில் பிரிக்கப்படாத பங்கு உங்களுடையது. அதில் எனக்குக் கேள்வியே இல்லை. ஆனால் வீட்டை வாடகைக்கு விட்டவர், படிக்கட்டையும் லிஃப்டையும் கார் நிறுத்துமிடத்தையும் விட்டுவிட்டு, காற்றில் தொங்கும் மூன்று அறைகளை மட்டும் எனக்குக் கொடுக்கவில்லை.

உங்கள் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. நான்கு மாதப் பராமரிப்புக் கட்டணத்தைக் கட்டாமல் இரவோடிரவாகக் காலி செய்த ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். பிறந்தநாள் விழா முடிந்த மறுநாள் பொது அரங்கில் கேக் க்ரீம் மின்விசிறிவரை தெறித்திருந்ததையும் பார்த்தேன். அது வாடகைதாரர் வீட்டு விழா. இப்போது வாடகைதாரர்கள் அனைவருக்கும் அரங்கை மூடுகிறீர்கள். ஆனால் அதே அரங்கின் கண்ணாடிக் கதவை உடைத்தது ஓர் உரிமையாளர் வீட்டு நிச்சயதார்த்தக் கூட்டம். அதற்காக உரிமையாளர்கள் அனைவருக்கும் அரங்கை மூடவில்லை. உடைத்தவரிடம் 11,000 ரூபாய் வாங்கினீர்கள். அது சரியான நடைமுறை. அந்த ஒரே நடைமுறையை இருசாராருக்கும் வையுங்கள் என்பதே என் கோரிக்கை.

ஏழாவது விதிக்குத் திரும்புகிறேன். இந்த ஒன்பது ஆண்டுகளில் கீழே ஐஸ் பெட்டி வைத்ததை ஆறுமுறை பார்த்திருக்கிறேன். தூண்களுக்கிடையில் இரண்டு கார்களை நகர்த்தி, காவலாளி பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, மாடியிலிருந்து நீட்டிப்புக் கம்பியில் மின்சாரம் எடுத்து, பெட்டியின் காலடியில் விளக்கேற்றுவார்கள். நேரம் கேட்டு வருகிறவர்களுக்குக் காப்பி எங்கள் வீட்டிலிருந்தும் போயிருக்கிறது. அந்த ஆறு பேரில் இருவர் வாடகைக்கு இருந்தவர்கள். அன்று யாரும் ஒப்புதல் கேட்கவில்லை. லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் நுழையாத, கூடத்தில் பத்துப்பேர் நிற்க இடமில்லாத வீடுகளில், கடைசி மரியாதைக்கு இருக்கும் ஒரே இடம் அதுதான். மஸ்கட்டில் நள்ளிரவில் தூங்கிக்கொண்டிருப்பவரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலுக்காக என் தாயாரை மருத்துவமனைப் பிணவறையில் காக்கவைக்க வேண்டும் என்பதா உங்கள் எண்ணம்? சுற்றறிக்கை வந்த நாளிலிருந்து, தம்மை ஊருக்குக் கொண்டுபோய்விடும்படி அம்மா கேட்டுக்கொண்டிருக்கிறார். ஊர் வீடு 1998இலேயே விற்றாகிவிட்டது. அது அவருக்கும் தெரியும்.

நான் கேட்பவை இவை. ஏழாவது விதியை எந்தத் திருத்தமும் இன்றி முழுமையாக நீக்க வேண்டும். உரிமையாளரின் நிலுவைக்காகத் தண்ணீரையும் லிஃப்டையும் நிறுத்தும் ஐந்தாவது விதியைத் திரும்பப் பெறுவதோடு, நிலுவையை உரிமையாளரிடமே நேரடியாக வசூலிக்கும் நடைமுறையை எழுதி வைக்க வேண்டும். பொது அரங்குக்கும் குடிவரும்போது வாங்கும் கட்டணத்துக்கும் இருசாராருக்கும் ஒரே விதி இருக்க வேண்டும். வாடகைதாரர் குடிவரும்போது மட்டும் வாங்கும், திருப்பித் தராத 10,000 ரூபாய்க்குப் பதிலாக, சேதமில்லை என்றால் திருப்பித் தரும் வைப்புத்தொகை வாங்குங்கள், நானும் கட்டுகிறேன். திருமணமாகாதவர்களைத் தடுக்கும் எட்டாவது விதியைக் கைவிட வேண்டும். பொதுக்குழுவில் எங்களுக்கு வாக்குரிமை வேண்டாம். அது சொத்துக்கு உரியவர்களின் உரிமை. ஆனால் தண்ணீர், பாதுகாப்பு, துப்புரவு பற்றிப் பேசும் கூட்டங்களில் வாடகைக் குடும்பங்கள் சார்பில் இருவர் அமர்ந்து பேச இடம் தர வேண்டும். இம்மடலுக்கு வரும் 15ஆம் தேதிக்குள் எழுத்தில் பதில் வேண்டும்; வராவிட்டால், பதிவு செய்யப்பட்ட என் ஒப்பந்தத்தோடும் உங்கள் சுற்றறிக்கையின் நகலோடும் வாடகை தொடர்பான அதிகாரியிடம் முறையிடுவதைத் தவிர எனக்கு வேறு வழி இருக்காது.

விதிகளைப் பற்றி நீங்கள் கூடிப் பேசி முடிவெடுக்க நாளாகலாம் என்பது புரிகிறது. லிஃப்டில் ஒட்டியிருக்கும் தாளையாவது புதன்கிழமை இரவுக்குள் எடுத்துவிடுங்கள். வியாழக்கிழமை காலை அம்மாவை மருத்துவரிடம் அழைத்துப்போக வேண்டும். அதே லிஃப்டில்தான் இறங்கியாக வேண்டும்.

இப்படிக்கு,
மூன்றாம் தளத்தில் வாடகைக்குக் குடியிருப்பவள்